ஐந்து பேர், இரண்டு கட்டில்

என் நாத்தனாருக்கு அவருடைய கல்லூரிப் பிள்ளைகள் வைத்த பெயர் புள்ளி டீச்சர். எனக்கு அண்ணி. அவர் உட்கார்ந்து எழுந்த இடத்தில் எல்லாம் நாலு புள்ளியும் அவற்றை இழுத்துக் கட்டிய கோடுகளும் கிடக்கும். கரண்ட் பில்லின் பின்பக்கம், மருந்துச் சீட்டு, காய்கறி சுற்றி வந்த தாள் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. என் கல்யாண ஆல்பத்தில் படங்களுக்கு நடுவே வழவழவென்று ஒரு வெள்ளைத் தாள் இருக்குமே, அதிலும் வரைந்துவிட்டார். கோபத்தில் சில நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்ததையே அவர் கவனிக்கவில்லை என்று பின்னால் தெரிந்தபோது வந்ததே, அதுதான் நிஜமான கோபம்.

இப்படிச் சொல்கிறேனே தவிர, அந்த வீட்டுக்கு வாழப் போனதில் எனக்குக் கிடைத்த நல்ல விஷயங்களில் அண்ணியைத்தான் முதலில் சொல்வேன். என் வீட்டுக்காரர் இதைப் படித்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும்.

அண்ணி ஒரு மாலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து படிக்கிறவர்களுக்கான கல்லூரி அது. பாடம் எடுப்பது சம்பளத்துக்கு. மீதி உயிர் முழுவதும் ஆராய்ச்சிக்கு. என்ன ஆராய்ச்சி என்று வந்த புதிதில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, அதற்குப் பிறகும் விளக்கம் ஓடியது. ஆனால் புரிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு ஆளுக்கு ஒரு புள்ளி. ஒரே பொருளைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாத இரண்டு பேருக்கு நடுவே ஒரு கோடு. அவ்வளவுதான் கிராஃப் என்பது. இப்போது புள்ளிகளுக்கு நிறம் பூச வேண்டும். கோடு இருக்கிற இரண்டு புள்ளிகளுக்கு ஒரே நிறம் வரக் கூடாது. நிறம் என்பது அறையாக இருக்கலாம், பஸ்ஸாக இருக்கலாம், நாற்காலியாக இருக்கலாம். மூன்று பேர் ஒருத்தரோடு ஒருத்தர் முட்டிக்கொண்டு நின்றால் குறைந்தது மூன்று நிறம் வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்றே எல்லாருக்கும் போதுமா? பொதுவாகச் சொல்லவே முடியாதாம். புள்ளிகள் பெருகினால் கம்ப்யூட்டரே திணறிப்போகுமாம். சில வகை கிராஃப்களில் மட்டும், எந்த மூலையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தாலும், போதும். அந்த நல்ல குணம் உள்ளவற்றுக்கு பெர்ஃபெக்ட் கிராஃப் என்று பெயர். அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து நிறம் பூச ஒரு வழி ஏற்கெனவே உண்டு. ஆனால் அது ஊரையே கூட்டி ஒரு ஆணி அடிக்கிற வழி. அண்ணி அவற்றில் ஒரு சின்ன வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குக் கைக்கு அடக்கமாக ஒரு அல்காரிதம் கண்டுபிடிக்க வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தார்.

அந்தக் குணத்தைக் கெடுக்கிற முதல் போக்கிரி ஐந்து புள்ளி வளையம். ஐந்து பேர் வட்டமாக நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் இடது பக்கத்து ஆளோடும் வலது பக்கத்து ஆளோடும் மட்டும் ஆகாது. எந்த மூன்று பேரும் ஒருத்தரோடு ஒருத்தர் முட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஆனாலும் இரண்டு நிறம் போதாது. சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று போய், ஐந்தாவது ஆள் ஒரு பக்கம் நீலத்துக்கும் மறுபக்கம் சிவப்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் அண்ணி கரும்பலகையில் வரைவது இந்த வளையத்தைத்தான்.

எந்தக் கஷ்டத்தைக் கொண்டுபோனாலும் அண்ணியிடம் ஒரே கேள்விதான் வரும்: இது எந்த வகை? பொதுவாகப் பார்த்தால் எல்லாமே கஷ்டம்தான், நம்முடையது பொது இல்லை, அதற்கென்று ஒரு வடிவம் இருக்கும், அதைப் பிடித்துவிட்டால் ஆச்சு என்பார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று உறவுக்காரர் ஒருத்தர் துருவித் துருவிக் கேட்டபோது மட்டும், “பொதுவா கஷ்டம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அண்ணி உயிரை வைத்திருந்த இன்னொரு இடம் மாமா. என் மாமியாரின் தம்பி. பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். மனைவி தவறிய பிறகு பேக்கரிக்கு மேலே இருந்த ஒற்றை அறையிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணி மேலே படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் ஆளாளுக்குப் படித்தது போதும் என்றார்களாம். மாமா மட்டும், “போதும்னு அவ சொல்லட்டும்” என்றாராம். பேச்சு அதோடு நின்றுவிட்டது. பிறகு ஒரு தடவை, அண்ணி எழுதிக் கொடுத்த ஆய்வு சரியில்லை என்று திரும்பி வந்த நாளில், நேரே பேக்கரிக்குப் போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை அதை மாமாவிடம் ஒப்பித்திருக்கிறார். மாமா மாவு பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, அந்தக் கடைசிப் புள்ளிக்கு என்னதான் ஆச்சு?” என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது அண்ணிக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

மாமாவைப்போல யாருக்கும் தொந்தரவு தராத மனுஷரை நான் பார்த்ததில்லை. அதுவே ஒரு தொந்தரவு. எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட அனுமதி கேட்பார். செருப்பைக் கழற்றும்போதே வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவார், கிளம்பும்போது நேரம் வீணாகக் கூடாதாம். இருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றால், இன்னொரு நாள் என்பார். அந்த இன்னொரு நாள் வந்ததே இல்லை.

அப்படிப்பட்டவர் பேக்கரி லீவு நாளில் தன் அறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், ஒரு ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தார். காலையில் பேக்கரி ஆட்கள் கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். இடுப்பு எலும்பு தப்பியது ஏதோ நல்ல நேரம். இனி தனியாக விடாதீர்கள், அடுத்த தடவை இப்படி அதிர்ஷ்டம் இருக்காது என்று டாக்டர் எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தரையில் படுத்து எழக் கூடாது என்றும் சொன்னார். மாமா வேலையை விடுவதாக இல்லை. பேக்கரிக்காரரும் நல்லவர், அடுப்புப் பக்கம் வேண்டாம், உட்கார்ந்தபடி எடை போட்டுக் கட்டிக் கொடுங்கள் என்று இறங்கி வந்தார். தங்குவதற்கு எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னால்தான், யார் இடத்தையும் பிடித்துக்கொள்ள மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

எங்கள் வீட்டில் இடம் என்பது நிஜமாகவே பெரிய விஷயம். சலவைக் கடைக்கு மேலே முதல் மாடி. காலையில் கடை திறந்தால் மூடும்வரை கீழே மெஷின் ஓடும், எங்கள் தரை அதிரும். பகலில் தரையில் தலையை வைத்தால் பல்லெல்லாம் ஆடும். சின்ன அறையில் நானும் கைக்குழந்தையும். உள் அறையில் இரண்டு கட்டில். மூன்றாவது போட்டால் கதவு திறக்காது. அந்த இரண்டு கட்டிலில் நாலு பேர் முறைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் நாலு பேருக்கும் நாலு வேளையில் வேலை.

மாமியார், அதாவது அத்தை, தொழிற்சாலை கேன்டீனில் சமையல். விளக்கு வைத்ததும் படுத்து ஊர் அடங்கியபிறகு எழுந்து போவார். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். அத்தை எழுவதற்கு முன்னாலேயே வந்து படுத்து, விடிந்ததும் கிளம்புவார். குழந்தை அழுகையில் தூக்கம் கெட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது என்று நான்தான் அவரை உள் அறைக்குத் துரத்தியிருந்தேன். அண்ணி வகுப்பு முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் புள்ளி வைத்துவிட்டு, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் படுத்து மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் எழுவார். கொழுந்தனுக்கு ராத்திரி முழுக்க டெலிபோன் நிலையத்தில் வேலை, காலையில் டிரைவிங் ஸ்கூலில் இன்னொரு வேலை. மதியம் சாப்பிட்டுவிட்டு விழுந்தால் விளக்கு வைத்தபிறகும் கொஞ்சம் தூங்குவார். ஜன்னல் ஓரக் கட்டில் பெண்கள் இருவருக்கும். சுவர் ஓரக் கட்டில் ஆண்கள் இருவருக்கும். அத்தை போட்ட ஏற்பாடு, அதை மீற யாருக்கும் தைரியம் கிடையாது.

ஜன்னல் கட்டிலுக்கு மேலே இருந்த சுவர் அண்ணியுடையது. அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். தலைக்கு மேலே ஆரம்பித்து ஜன்னல் சட்டம்வரை தாள் தாளாக ஒட்டியிருப்பார். எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் முழங்காலிட்டு உட்கார்ந்து அவற்றையே பார்ப்பார். பல நாள் அத்தையின் தலையணையில் பசை ஒட்டியிருக்கும்.

மாமா வர மாட்டேன் என்றதும் அண்ணி ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தார். தூங்குகிற நேரத்தை எல்லாம் கோடாக இழுத்தார், ஆளுக்கு ஒரு கோடு. மாமா ராத்திரி வேலை முடித்து, ரொட்டியெல்லாம் கடைகளுக்குப் போனபிறகு காலையில் வந்து படுத்து, சாயங்காலம் எழுவார். ஐந்து கோட்டையும் மேலும் கீழுமாகப் பார்த்தார். எந்த நேரத்தை எடுத்துக்கொண்டாலும் இரண்டு பேருக்கு மேல் தூங்கவில்லை. நேர்க்கோட்டில் இருக்கிற நேரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுவது பெர்ஃபெக்ட் வகை. ஆகவே இரண்டு கட்டில் போதும். மாமா ஆண்கள் கட்டிலில் வருகிறார், அத்தையின் ஏற்பாட்டுக்கும் பங்கம் இல்லை. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மாமா தாளை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். எனக்காக யாராவது நகர வேண்டியிருக்குமா என்று ஒன்றுதான் கேட்டார்.

“யாரும் நகர வேணாம் மாமா. நிரூபிச்சுட்டேன்.”

“நீ நிரூபிச்சா சரிதான் பாப்பா” என்றார்.

அண்ணியின் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர் வந்தார். ஒரு பை, ஒரு போர்வை, ஒரு தலையணை.

வந்த மறுநாள் காலையில் வேலை முடிந்து திரும்பி, சுவர்க் கட்டிலில் படுத்தார். குறட்டை கேட்டதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அண்ணி எழுந்து, சத்தம் வராமல் குளித்து, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கல்லூரி நூலகத்துக்குக் கிளம்பினார். மதியம் கொழுந்தன் வந்தார், சாப்பிட்டார், தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் கட்டிலில் மாமா.

மாமாவின் தூக்கத்தில் இன்னும் பாதிகூட முடிந்தபாடில்லை. ஜன்னல் கட்டில் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அது பெண்கள் கட்டில். தவிர, அதில் படுத்தால் விளக்கு வைத்ததும் அத்தை வந்து நிற்பார். கொழுந்தன் எழுப்பவில்லை. தங்கமான பிள்ளை. தலையணையைக் கட்டிக்கொண்டு மூலையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தபடியே தூங்கிச் சரிந்து, நாற்காலியோடு விழுந்தார்.

சத்தம் கேட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஓடிவந்தபோது மாமா எழுந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். மன்னித்துக்கொள்ளப்பா, உன் வழியில் படுத்துவிட்டேன் என்று கொழுந்தனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கொழுந்தன் தரையிலேயே உட்கார்ந்து, தான் தரையில் படுத்துக்கொள்வதாகக் கெஞ்சினார். உன்னைத் தரைக்குத் தள்ளிவிட்டு நான் கட்டிலில் படுப்பேனா என்றார் மாமா. கோபமே இல்லாமல், வழக்கமான சிரிப்போடு, மாவுக் கிடங்குக்கு மேலே ஒரு அறை காலியாக இருக்கிறது, நல்ல காற்று வரும் என்றார். பையில் ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தார். மாவுக் கிடங்குக்கு மேலே அவர் தூங்குகிற பகல் நேரத்தில் ஒரு ஈ காக்காய் இருக்காது. விழுந்தால் விழுந்ததுதான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்லூரிக்கு போன் போட்டேன்.

அண்ணி வகுப்பை ரத்து செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மூச்சிரைக்க வந்து, கட்டிய பையைப் பார்த்து, மாமாவைப் பார்த்து, பிறகு அந்தத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அண்ணிக்கு நாள் என்பது மதியம் ஆரம்பித்து மதியம் முடிவது. அவர் எழுகிற நேரம் அது. தாளின் இடது ஓரம் மதியம், வலது ஓரம் மறுநாள் மதியம். மாமாவின் கோடு சாயங்காலம்வரை போக வேண்டியது. தாள் தீர்ந்ததும் அங்கேயே நின்றுவிட்டிருந்தது. மிச்சத்தை இடது ஓரத்தில் கொண்டுவந்து போட்டிருந்தால் கொழுந்தன் கோட்டின்மேல் போய் விழுந்திருக்கும்.

“நாளு நேர்க்கோடு இல்ல, வட்டம். வருஷா வருஷம் இதைத்தான் சொல்லிக் குடுக்கறேன். வீட்லயே வளையத்தை வெச்சுக்கிட்டு எனக்குத் தெரியல” என்றார்.

அத்தை, என் வீட்டுக்காரர், அண்ணி, மாமா, கொழுந்தன், மறுபடி அத்தை. ஒவ்வொருவரின் தூக்கமும் பக்கத்து ஆளின் தூக்கத்தோடு மட்டும் இடிக்கிறது. சாட்சாத் அந்தப் போக்கிரிதான். மாமா வரும்வரை வளையம் மூடாமல் இருந்தது. அவர் வந்து மூடியது.

சாயங்காலத்துக்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் டிப்போவில் வேறு ஷிப்ட் கேட்கிறேன் என்றார். அத்தை தம்பியைத் திட்டினார், அழுதார், மறுபடி திட்டினார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஒருத்தர் நகர்ந்தாலும் நான் வரவில்லை என்றுதானே சொன்னேன் என்றார். பையைக் கொண்டுபோய் வாசலருகே வைத்துவிட்டார். வேலைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று எங்களுக்குத் தெரியும்.

அண்ணி சாப்பாட்டு மேஜையில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். ஐந்து புள்ளி வளையத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரு புள்ளியை அழித்தால் மீதி நாலும் அழகாக இரண்டு நிறத்தில் அடங்கியது. அழிப்பார், மறுபடி வைப்பார். நான் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டவும் மனசு வரவில்லை, தேற்றவும் தெரியவில்லை. அந்த அழிக்கிற புள்ளி மாமா என்பது எனக்கே உறைத்தது, அவருக்கு உறைக்காதா.

திடீரென்று பென்சில் நின்றது. வளையத்தை ஒரு இடத்தில் வெட்டி, அதன் வாலில் இன்னொரு வளையத்தை ஒட்டினார். இன்றைய ஐந்து, நாளைய ஐந்து. சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று பத்துப் புள்ளியையும் சுற்றி வந்தார். சரியாக மூடியது.

“நான் ஆளுக்கு நிறம் குடுத்துட்டேன். ஆளுக்கு இல்ல, தூக்கத்துக்குத்தான் நிறம். இன்னிக்குத் தூக்கத்துக்கு ஒண்ணு, நாளைத் தூக்கத்துக்கு இன்னொண்ணு” என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன். யாராவது படுக்க வரும்போது உள்ளே ஒருத்தர்தான் தூங்கிக்கொண்டிருப்பார். அப்போது ஒரு கட்டில் எப்படியும் காலி.

“அதாவது, எது காலியா இருக்கோ அதுல படுக்கணும். அவ்வளவுதானே அண்ணி?”

“அவ்வளவுதான்” என்றார். சிரிக்க ஆரம்பித்தவர் அப்படியே அழுதுவிட்டார்.

இதற்கா இத்தனை வருஷப் படிப்பு என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவும் செய்தேன், வேறொரு நாள். அன்றைக்குக் கேட்காததற்குக் காரணம், கட்டிலுக்குச் சொந்தக்காரர் யார் என்கிற விஷயம் புள்ளி வைத்து முடிகிற விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆண்கள் புரண்ட கட்டிலில் அத்தை படுப்பதா? எப்போது வந்து விழுந்தாலும் தன் மூலை தனக்கு என்று பழகிய என் வீட்டுக்காரர் விடுவாரா? எல்லாரையும்விட, அண்ணி?

அண்ணி எழுந்து நேராக உள் அறைக்குப் போனார். கட்டில்மேல் ஏறி நின்று சுவரில் இருந்த தாள்களை எடுக்க ஆரம்பித்தார். கிழித்துவிடாமல், நகத்தால் ஓரத்தைத் தூக்கி, ஒவ்வொன்றாக. நாங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தாள் போன இடமெல்லாம் சுவர் வேறு நிறமாக இருந்தது. கடைசித் தாளையும் எடுத்து அடுக்கி அலமாரியில் வைத்துவிட்டு, இனி ஜன்னல் கட்டில் தனக்கும் கிடையாது, யாருக்கும் கிடையாது, தலையணையும் போர்வையும் மட்டும் அவரவருடையது என்று அறிவித்தார்.

அத்தை வாயைத் திறந்தார். அம்மா, நாங்கள் உங்கள் பிள்ளைகள்தான் என்றார் கொழுந்தன். அத்தை வாயை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் சுவர்க் கட்டிலுக்கு அடியிலிருந்து தன் காலுறைகளை எல்லாம் பொறுக்கினார். அத்தனை ஒற்றைக் காலுறை அங்கே இருந்தது எனக்கே தெரியாது.

மாமா தவித்துப்போனார். “ஒருத்தரையும் நகத்தக் கூடாதுன்னேன். நீ எல்லாரையும் நகத்திட்டியே பாப்பா.”

“ஆமா மாமா. உங்களையும் சேத்து” என்றார் அண்ணி.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். பையை எடுத்துக்கொண்டேதான் போனார்.

மறுநாள் காலையில் நான் சமையலறையில் நின்றேனே தவிர, காதெல்லாம் படிக்கட்டில் இருந்தது. வந்தார். பையோடு வந்தார். அண்ணி சுவர்க் கட்டிலில் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார், தூங்கினாரோ, பாசாங்கோ. ஜன்னல் கட்டில் காலி. மாமா அறை வாசலில் நின்று, இதில் படுக்கலாமா என்று என்னைக் கேட்டார். காலியாக இருந்தால் படுத்தே ஆக வேண்டும் என்பதுதான் சட்டம் என்றேன். கட்டிலின் ஓரமாக, பாதி உடம்பு வெளியே தொங்குகிற மாதிரி படுத்தார். பையைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

அல்காரிதம் என்னவோ ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வருகிறவர் வருவார், காலியில் படுப்பார், எழுந்து போவார். கொழுந்தன் ஜன்னல் காற்றில் தூங்கியதைப் பெருமையடித்துக்கொண்டார். ஆனால் மாமா தினமும் கேட்டுவிட்டுத்தான் படுத்தார். எழுந்ததும் போர்வையைச் சுருக்கமே இல்லாமல் மடித்து, தான் படுத்த அடையாளத்தையே துடைத்துவிட்டுப் போனார். பை கட்டினது கட்டினபடி கிடந்தது. அண்ணி தினமும் எழுந்ததும், முன்பு சுவரைப் பார்த்த மாதிரி, குனிந்து அந்தப் பையைப் பார்ப்பார். ஒருநாள் என்னிடம், கணக்கு சரியாக இருக்கிறது, மாமாதான் இன்னும் உள்ளே வரவில்லை என்றார். ஏதாவது ஒரு சாக்கு கிடைத்தால் போதும், மாவுக் கிடங்குக்குப் போய்விடுவார் என்ற பயம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. அதனால் அவர் எதிரில் பூனைமாதிரி நடந்தோம். இப்போது நினைத்தால், அதுவும் தப்புதான். வீட்டு மனுஷர் எதிரில் யார் பூனைமாதிரி நடப்பார்கள்?

எங்களில் அப்படி நடக்கத் தெரியாதவர் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். விடியற்காலையில் பசிக்கிறது என்று கட்டிலிலேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுவிட்டு, அப்படியே பஸ் ஓட்டப் போய்விட்டார். அன்றைக்கு அவர் எழுந்த கட்டில் மாமாவுக்கு வந்தது.

நான் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். உள் அறையிலிருந்து ஒரு குரல். முதலில் யார் குரல் என்றே புரியவில்லை, அந்த ஸ்தாயியில் நான் கேட்டதில்லை.

“யாருடா இது, கட்டில்ல உக்காந்து பிஸ்கட் தின்னது? முதுகெல்லாம் குத்துது. துடைச்சிட்டுப் போகத் தெரியாதா? ராத்திரியெல்லாம் வேலை பாத்துட்டு வந்து மனுஷன் படுக்க வேணாமா?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். மாமா போர்வையை உதறிக்கொண்டிருந்தார். தூள் பறந்தது. பக்கத்துக் கட்டிலில் அண்ணி எழுந்து உட்கார்ந்திருந்தார், தலைமுடி கலைந்து, ஒரு கன்னத்தில் தலையணைத் தடத்தோடு. அவருடைய ஆய்வு ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளிலும் நான் அவரைப் பார்த்திருக்கிறேன். அந்த முகம் இந்த முகத்துக்குப் பக்கத்தில் நிற்காது. கண்ணில் தண்ணீர் வழிய, வாயெல்லாம் பல்லாக, என் கையைப் பிடித்து இழுத்துக் காதருகே சொன்னார்:

“கேட்டியா? மாமா சண்டை போடறார்.”